சாமுராய் ஜாக் காமிக்ஸ்: வாய் திறக்காத நாயகனைத் தாளில் நடத்துவது எப்படி?

2004 செப்டம்பர் 25 அன்று கார்ட்டூன் நெட்வொர்க்கில் 'சாமுராய் ஜாக்' தொடரின் 52-ஆவது எபிசோட் ஒளிபரப்பானது. அதில் ஜாக் ஒரு கைக்குழந்தையை அரக்கர்களிடமிருந்து மீட்டு, அதற்குச் சாப்பாடு தேடி, தாயைத் தேடி அலைகிறான். கடைசியில் குழந்தை தாயிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஜாக் மட்டும் தன் ஊர் போய்ச் சேரவில்லை. வில்லன் அக்கு சாகவுமில்லை. அதோடு தொடர் நின்றுபோனது. கதையை முடித்து வைக்காமலேயே கடையைச் சாத்திவிட்டார்கள்.

அடுத்த எபிசோட் வந்தது 2017 மார்ச்சில். நடுவில் பன்னிரண்டரை ஆண்டுகள். திரைப்படமாக வரப்போகிறது என்று அவ்வப்போது செய்தி கிளம்பும், பிறகு அடங்கிவிடும். இந்த இடைவெளியில் ஜாக் நடந்துகொண்டே இருந்த ஒரே இடம் காமிக்ஸ் பக்கங்கள்தான். 2013 அக்டோபரில் அமெரிக்காவின் ஐடிடபிள்யூ பதிப்பகம் மாத இதழாகத் தொடங்கியது. 2015 மே வரை 20 இதழ்கள் வந்தன. பிறகு அவை ஐந்தைந்து இதழ்களாகச் சேர்த்துக் கட்டப்பட்டு நான்கு கிராபிக் நாவல் தொகுதிகளாகவும் வெளிவந்தன.

ஓடிய கார்ட்டூனைப் புத்தகமாக்கிக் காசு பார்ப்பது அமெரிக்கப் பதிப்புலகில் அன்றாடம் நடப்பதுதான். அவற்றில் பெரும்பாலானவை விற்றுத் தீர்ந்ததும் மறந்துபோகும். 'சாமுராய் ஜாக்' காமிக்ஸைத் தனியாக எடுத்துப் பேச ஒரு காரணம் இருக்கிறது. இந்தத் தொடரே காமிக்ஸிலிருந்து பிறந்தது. காமிக்ஸிடமிருந்து அது வாங்கிய பொருளையே காமிக்ஸ் திரும்ப வாங்கிக்கொள்ள முயன்றபோது, பாதிதான் கைக்கு வந்தது. மீதிப் பாதி ஏன் வரவில்லை என்பதுதான் இங்கே பேச வேண்டியது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். பழைய ஜப்பான். உருமாறும் தீய சக்தி அக்கு. அவனைப் பேரரசர் ஒருவர் மந்திர வாளால் அடக்கி வைக்கிறார். ஆண்டுகள் கழித்து அவன் விடுபட்டு நாட்டைப் பிடித்துக்கொள்கிறான். பேரரசரின் சின்னப் பையனைத் தாய் தப்பவைத்து உலகம் சுற்ற அனுப்பிவிடுகிறாள். அவன் கிரேக்கர்களிடம் மல்யுத்தம், ராபின் ஹூட்டிடம் வில்வித்தை, ஷாவோலின் துறவிகளிடம் கைச்சண்டை என்று ஆளுக்கொரு கலையாகக் கற்று, இளைஞனாகத் திரும்பி வந்து, வாளெடுத்து அக்குவை வெட்டி வீழ்த்தப்போகும் கடைசி நொடியில், அக்கு காலத்தில் ஒரு துளை போட்டு அவனை எதிர்காலத்துக்குத் தூக்கி எறிந்துவிடுகிறான். அந்த எதிர்காலத்தில் அக்கு வைத்ததுதான் சட்டம். ரோபோக்கள், பேசும் நாய்கள், வேற்றுக்கிரகவாசிகள், அழுக்கு நகரங்கள். தெருவில் எவனோ போகிறபோக்கில் "ஜாக்" என்று கூப்பிட, அதுவே பெயராகிவிடுகிறது. அவனுடைய உண்மைப் பெயர் தொடர் முடியும்வரை யாருக்கும் சொல்லப்படுவதில்லை. திரும்பிப் போக ஒரு காலத் துளையைத் தேடி அவன் அலைவதுதான் மொத்தக் கதையும்.

இதை உருவாக்கியவர் கென்டி டார்டகோவ்ஸ்கி. மாஸ்கோவில் 1970-இல் பிறந்து, ஏழு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். அதற்கு முன்பே 'டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி' மூலம் கார்ட்டூன் நெட்வொர்க்குக்குப் பெரிய வெற்றியைக் கொடுத்தவர். அது வாய் ஓயாத நகைச்சுவை. அடுத்து அவர் எடுத்துக்கொண்டது நேர் எதிரான ஒன்றை: ஆள் குறைவு, பேச்சு குறைவு, காற்று, மழை, நடை, நடுவே திடீரென்று ஒரு வெட்டு. 2001 ஆகஸ்ட் 10 அன்று முதல் மூன்று எபிசோடுகளையும் ஒரு படம்போலச் சேர்த்து ஒளிபரப்பினார்கள்.

இதன் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் நேராக ஒரு மங்காவில், அதாவது ஜப்பானிய காமிக்ஸில், போய் நிற்போம். கசுவோ கொய்கே எழுதி, கொசெகி கொஜிமா வரைந்த 'லோன் வுல்ஃப் அண்ட் கப்'. 1970 முதல் 1976 வரை வந்தது. பதவி பறிபோன ஒரு வாள்வீரன், தன் சின்ன மகனைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியபடி பழிவாங்கும் பாதையில் நடக்கிறான். கொஜிமாவின் தூரிகைக்கு ஒரு தனித்தன்மை உண்டு: சண்டை தொடங்கினால் பக்கம் பக்கமாக ஒரு சொல்கூட இருக்காது. புல் அசையும், கால் நகரும், கண் சுருங்கும், அவ்வளவுதான். இந்த மங்கா 1987-இல் ஆங்கிலத்தில் வரத் தொடங்கியபோது அட்டைப்படங்களை வரைந்துகொடுத்தவர் அமெரிக்க காமிக்ஸின் ஃபிராங்க் மில்லர். அவர் அதற்கும் முன்பே 1983-84-இல் 'ரோனின்' என்று ஆறு இதழ்களில் ஒரு கதை செய்திருந்தார். அதில் பழைய ஜப்பானின் எஜமானற்ற சாமுராய் ஒருவன், ஒரு பேய், ஒரு மந்திர வாள். மூன்றும் எதிர்காலத்தின் சிதைந்த நியூயார்க்கில் வந்து விழுகின்றன. இதைப் படித்துவிட்டு 'சாமுராய் ஜாக்' பார்ப்பவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. மில்லரின் பாதிப்பை டார்டகோவ்ஸ்கி மறைத்ததும் இல்லை. ஸ்பார்ட்டா வீரர்களோடு ஜாக் சேர்ந்து போரிடும் எபிசோட், மில்லரின் '300' என்ற காமிக்ஸுக்கு வெளிப்படையாகப் போட்ட வணக்கம். மேலே சொன்ன 52-ஆவது எபிசோடில் குழந்தையோடு அலையும் ஜாக்கும் எங்கிருந்து வந்தான் என்று இப்போது புரிந்திருக்கும்.

வேர் மட்டுமல்ல, செய்முறையும் காமிக்ஸுக்குப் பக்கத்து வீடுதான். டார்டகோவ்ஸ்கியின் குழுவில் வசனத்தோடு கூடிய முழுத் திரைக்கதை எழுதிவைத்துவிட்டு வரைவது வழக்கம் இல்லை. கதையின் போக்கைச் சில பக்கங்களில் குறித்துக்கொண்டு, நேராக ஸ்டோரிபோர்டில் இறங்கிவிடுவார்கள். பிரையன் ஆண்ட்ரூஸ், பால் ரூடிஷ் போன்ற ஓவியர்கள்தான் அங்கே எழுத்தாளர்களும். சதுரம் சதுரமாக வரைந்துகொண்டே போவார்கள். எந்த இடத்தில் ஜாக் நிற்கிறான், எவ்வளவு நேரம் நிற்கிறான் என்பது அந்தச் சதுரங்களிலேயே முடிவாகிவிடும். சுவரில் ஒட்டிய அந்தத் தாள்களை வரிசையாகப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு காமிக்ஸ்.

திரையிலும் அதை ஒளிக்கவில்லை. சண்டைக்கு முந்தைய நொடிகளில் திரை திடீரென்று மேலும் கீழும் கறுத்து, அகலமான ஒரு கீற்றாகச் சுருங்கும். அல்லது செங்குத்தாக மூன்றாகப் பிளக்கும்: ஒன்றில் கண், ஒன்றில் வாளின் பிடி, ஒன்றில் எதிரியின் கால். காமிக்ஸ் பேனலை, அதாவது பக்கத்தில் இருக்கும் படக் கட்டத்தை, தொலைக்காட்சிக்குள் கொண்டுவந்து வைத்த வேலை இது.

இவ்வளவு நெருக்கம் இருந்தும் இதைக் காமிக்ஸாக மாற்றுவது ஏன் கஷ்டம்? ஒரே ஒரு எபிசோடை எடுத்துப் பார்த்தால் போதும். முதல் சீசனில் வரும் மூன்று குருட்டு வில்லாளிகளின் கதை.

பனி மூடிய வெளி. நடுவே ஒரு கோபுரம். அதன் உச்சியில் மூன்று பேர். அவர்கள் காவல் காப்பது, கேட்டதைக் கொடுக்கும் ஒரு மந்திரக் கிணற்றை. ஒரு படையே திரண்டு வந்தாலும் அம்பு மழையில் நிமிடங்களில் அழிந்துவிடும். ஜாக்குக்கு அந்தக் கிணறு வேண்டும். ஊர் திரும்ப வழி கேட்க வேண்டும். முதலில் மோதிப் பார்த்துத் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடி வருகிறான். அப்போதுதான் கவனிக்கிறான்: அவர்களுக்குக் கண் தெரியாது, காதால்தான் குறிபார்க்கிறார்கள். உடனே என்ன செய்கிறான் தெரியுமா? காட்டுக்குள் போய், தன் கண்ணையும் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான்.

அடுத்து வருவதுதான் இந்தத் தொடரின் உச்சங்களில் ஒன்று. திரையில் ஏறக்குறைய ஒன்றுமே நடப்பதில்லை. முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கிறது. மெல்ல மெல்ல ஒலிகள் பிரிகின்றன. கிளையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தம். தூரத்தில் ஒரு சிறு விலங்கின் அடி. கடைசியில் ஒரே ஒரு பனித்துளி தரையில் வந்து இறங்கும் சத்தமும் அவனுக்குக் கேட்டுவிடுகிறது. சிறுவர் சேனலில், பரபரப்பான நேரத்தில், ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு பனியில் உட்கார்ந்திருப்பதை நிமிடக்கணக்கில் காட்டுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். (முடிவில் அந்தக் கிணறு தீயது என்று தெரிந்ததும், வரம் கேட்காமல் அதை அழித்துவிட்டு நடந்துவிடுகிறான். இந்த ஆளுக்கு எப்போதும் இதே வேலை.)

இதைத் தாளில் போட வேண்டும் என்று ஒரு காமிக்ஸ் ஓவியரிடம் கொடுத்தால் இரண்டு சுவரில் முட்டிக்கொள்வார். ஒன்று, ஒலி. காமிக்ஸில் ஒலி என்பது வரைந்த எழுத்து. 'தட்', 'சரக்' என்று எழுதினால்தான் வாசகர் கேட்பார். ஆனால் இந்தக் காட்சியின் உயிரே, ஒலி எவ்வளவு சின்னது என்பதில் இருக்கிறது. எழுத்தைக் குட்டியாகப் போடலாம், மங்கலாகப் போடலாம். எப்படிப் போட்டாலும் அது கண்ணால் பார்க்கிற ஒலி. கண்ணைக் கட்டிக்கொண்டவனின் கதைக்கு இது எதிர்த்திசை.

இரண்டாவது சுவர் இன்னும் உயரம்: நேரம். திரையில் நேரம் இயக்குநரின் கையில் இருக்கிறது. எட்டு நொடி காத்திரு என்று அவர் சொன்னால் எட்டு நொடி காத்திருக்க வேண்டியதுதான். பார்ப்பவருக்கு வேறு வழியில்லை. தாளில் அந்தச் சாவி வாசகர் கையில். ஆறு பேனல்களில் ஜாக் அசையாமல் உட்கார்ந்திருப்பதை வரைந்து வைத்தால், பெரும்பாலான வாசகர்களின் கண் மூன்று நொடியில் ஆறையும் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். வசனம் இருந்தால்தான் கண் நிற்கும். படிக்க நேரமாகும் என்பதால் நேரம் ஓடும். வசனமே இல்லாத பக்கம்தான் காமிக்ஸில் மிக வேகமாகப் புரளும் பக்கம். திரையில் மெதுவைத் தந்த அதே மௌனம், தாளில் வேகத்தைத் தந்துவிடுகிறது. இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் திரைக்காட்சியை அப்படியே பேனல்களாக வெட்டி ஒட்டும் தழுவல்கள் எல்லாம் சப்பென்று இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கொஜிமா இதைச் சமாளித்தது பக்க எண்ணிக்கையால். மங்கா வார இதழில் வந்து புத்தகமாகச் சேரும்போது ஒரு தொகுதி முந்நூறு பக்கங்களை எட்டுவது சாதாரணம். மொத்தம் 28 தொகுதிகள். ஒரு சண்டைக்கு இருபது பக்கம் ஒதுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அமெரிக்க மாத இதழில் கதைக்குக் கிடைப்பது இருபது பக்கம் சொச்சம்தான். அதற்குள் ஒரு ஊர், ஒரு எதிரி, ஒரு சிக்கல், ஒரு தீர்வு, அடுத்த இதழை வாங்கவைக்கும் ஒரு கொக்கி. இதில் ஐந்து பக்கத்தைப் பனி விழுவதற்குக் கொடுத்தால் மீதிக் கதைக்கு எங்கே போவது?

இந்தச் சிக்கலைக் கையில் வாங்கியவர்கள் எழுத்தாளர் ஜிம் ஸப், ஓவியர் ஆண்டி சுரியானோ. ஸப் கனடாக்காரர், 'ஸ்கல்கிக்கர்ஸ்' என்ற அடிதடி நகைச்சுவை வாள்வீரர் காமிக்ஸால் பெயர் வாங்கியவர். சுரியானோ மூலத் தொடரிலேயே வேலை பார்த்தவர். இந்தத் தேர்வு புத்திசாலித்தனமானது. உரிமம் வாங்கிச் செய்யும் காமிக்ஸ்களில் ஓவியருக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒரு மாதிரித்தாள்: நாயகன் முன்பக்கம் இப்படி, பக்கவாட்டில் இப்படி என்று. அதைப் பார்த்து வரைந்தால் முகம் சரியாக வரும், உடம்பு பொம்மையாகிவிடும். அந்த உருவங்களோடு பழகிய கை என்றால், ஜாக்கின் தோள் எங்கே மடங்கும், வாளை உறையில் போடும்போது உடம்பின் எடை எந்தக் காலில் இருக்கும் என்பது தாளைப் பார்க்காமலேயே வரும்.

கோட்டைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'சாமுராய் ஜாக்' பார்த்தவர்கள் எல்லோருக்கும் கண்ணில் பட்டு, பலருக்கும் மனதில் பதியாத ஒரு விஷயம், உருவங்களைச் சுற்றி அந்தக் கறுப்புக் கோடு கிடையாது என்பது. அமெரிக்கக் கார்ட்டூன்களில் உருவத்தை வரைவதே அந்தக் கோட்டால்தான். இங்கே வண்ணத்துக்குப் பக்கத்தில் வண்ணம், நடுவில் எல்லைக்கோடு இல்லை. ஸ்காட் வில்ஸின் தலைமையில் தீட்டப்பட்ட பின்னணிகளுக்குள் ஜாக் ஒட்டவைத்த பொம்மைபோல் துருத்திக்கொண்டு நிற்காமல் கரைந்து நிற்க இதுதான் காரணம். பரந்த வானத்தின் அடியில் விரல்நுனி அளவுக்கு வெள்ளையாக ஒரு ஆள் நடந்துபோவான். அவ்வளவு சின்னதாக இருந்தும் அவன்தான் என்று தெரியும்.

அமெரிக்க காமிக்ஸோ கோட்டின் மேல் எழும்பிய கலை. பென்சில், அதன் மேல் மை, அதன் மேல் வண்ணம் என்று ஆளுக்கொரு கை மாறி வருவதுதான் நெடுநாள் வழக்கம். கோடில்லாத ஒன்றைக் கோட்டுலகத்துக்குக் கொண்டுவரும்போது ஏதோ ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஐடிடபிள்யூவின் முதல் 20 இதழ்கள் பொதுவாகத் தொடரின் உருவ அமைப்புக்கு விசுவாசமாகவே நின்றன: கூரான முக்கோணங்கள், பெட்டிபோன்ற தாடை, குச்சிக் கால்கள். பார்த்த உடனே "அட, நம்ம ஜாக்" என்று சொல்லிவிடலாம்.

அக்கு விஷயத்தில் தாளுக்கு ஒரு அதிர்ஷ்டம், ஒரு துரதிர்ஷ்டம். கன்னங்கரேலென்ற உடம்பு, நெருப்பாய் எரியும் புருவம், நினைத்த உருவத்துக்கு நீளும் கைகள்: அச்சில் போடுவதற்கென்றே செய்ததுபோன்ற வடிவம். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பை ஊற்றி நடுவில் கண்ணை மட்டும் வைத்தால் அக்கு வந்துவிடுவான். ஆனால் அக்கு என்றால் பாதி குரல். ஜப்பானில் பிறந்து ஹாலிவுட்டில் நடித்த மாகோவின் குரல் அது. 1966-இல் வெளியான ஒரு படத்துக்காக ஆஸ்கருக்கே பரிந்துரைக்கப்பட்ட நடிகர். இடிபோல் முழங்கும், அடுத்த நொடியே தொலைபேசியில் பீட்சா கேட்கும் கிழவரைப்போல் அலுத்துக்கொள்ளும். ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் முன்கதையைச் சொல்வதே வில்லனான அவர்தான். மாகோ 2006-இல் காலமானார். ஆக, காமிக்ஸ் வந்தபோது அந்தக் குரல் உலகத்திலேயே இல்லை. ஆனாலும் பேச்சு பலூனுக்குள் இருக்கும் அக்குவின் வசனத்தைப் படிக்கும்போது, தொடரைப் பார்த்தவர் காதில் மாகோவே பேசினார். இங்கே எழுத்தாளரின் வேலையில் பாதியை வாசகரின் நினைவு செய்துகொடுத்தது. தொடரைப் பார்க்காமல் நேராகக் காமிக்ஸை எடுப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவருக்கு அக்கு கொஞ்சம் அதிகம் பேசும் ஒரு வில்லன் மட்டுமே.

இதற்கு முன்பும் ஜாக் தாளில் வந்திருக்கிறான். 2002-இல் டிசி காமிக்ஸ் பதிப்பகம் ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. டிசியும் கார்ட்டூன் நெட்வொர்க்கும் ஒரே குழுமத்தின் கூரையின் கீழ் இருந்ததால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தொடர் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. திரையில் பார்த்ததை நினைவுபடுத்துவதற்கு மேல் அந்த இதழிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஐடிடபிள்யூ வந்த காலம் வேறு. சான் டியாகோவில் 1999-இல் தொடங்கிய நிறுவனம். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்ட்டில்ஸ், மை லிட்டில் போனி என்று அடுத்தவர் சொத்தை உரிமம் வாங்கிக் காமிக்ஸாக்குவதையே பெரிய தொழிலாகச் செய்தது. 2013-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கின் பழைய தொடர்கள் பலவும் அதன் கைக்கு வந்தன. பவர்பஃப் கேர்ள்ஸ், டெக்ஸ்டர், பென் 10 எல்லோரையும் ஜாக்கோடு ஒரே கதையில் சேர்த்துவிட்ட ஒரு கலவைத் தொடரைக்கூட 2014-இல் செய்தார்கள். அதைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்.

ஸப் எழுதிய முதல் ஐந்து இதழ்களின் கதை எளிமையானது. காலத்தையே கட்டி வைத்திருக்கும் ஒரு மாயக் கயிறு. அதன் இழைகள் பிரிந்து உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. எல்லா இழைகளையும் சேர்த்துத் திரித்துவிட்டால் காலத்தைப் பின்னோக்கித் திருப்பலாம். ஜாக் இழை தேடிப் புறப்படுகிறான். 'காலத்தின் இழைகள்' என்று பொருள்படும் தலைப்பில் தொகுதியாகவும் வந்தது.

கேட்டால் பழைய அம்புலிமாமா கதைபோலத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுமானத்தைப் பாருங்கள். தொலைக்காட்சியில் ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. தலைப்புகூட வெறும் ரோமன் எண்தான். எதையும் எங்கேயும் தொடங்கிப் பார்க்கலாம். காமிக்ஸ் வியாபாரத்துக்கு அது ஒத்துவராது. மாத இதழ் வாங்குபவருக்கு அந்த மாதக் கதை முடிய வேண்டும்; ஐந்து மாதம் கழித்துத் தொகுதியாக வாங்குபவருக்கு அது ஒரே நாவலாகப் படிக்கக் கிடைக்க வேண்டும். இழை தேடும் கதை இரண்டு பேருக்கும் வழி செய்துகொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு இழைக்கும் ஓர் இடம், ஓர் எதிரி, ஒரு சண்டை. ஐந்தையும் கோத்தால் ஒரு கயிறு. கதைக்குள் இருக்கும் பொருளும் புத்தகம் கட்டப்பட்ட விதமும் ஒன்றாகவே இருப்பது தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு அவர் கொடுத்த விலை, பேச்சு. காமிக்ஸ் ஜாக் தொலைக்காட்சி ஜாக்கைவிட அதிகம் பேசுகிறான். கதைசொல்லியின் குரலும் பெட்டி பெட்டியாக வருகிறது. இருபது பக்கக் கணக்கைப் பார்த்தால் தப்பு சொல்ல முடியாது. நேரத்தை ஓட்ட வசனம் வேண்டும் என்று மேலே சொன்னதும் இதற்குத்தான். ஆனாலும் நல்ல பக்கங்கள் எவை என்று கேட்டால், ஸப் வாயை மூடிக்கொண்டு சுரியானோவிடம் பக்கத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிய இடங்கள் என்றுதான் சொல்வேன். அங்கே தாளுக்கு மட்டுமே தெரிந்த வித்தைகள் வெளிப்படுகின்றன. திரையில் மூன்றாகப் பிளந்த காட்சி சில நொடிகளில் போய்விடும். தாளில் அது போகாது. ஓங்கிய வாளும், இறங்கிய வாளும், விழுந்த எதிரியும் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் இருப்பார்கள். கண் முன்னும் பின்னும் போய்வரும். இறந்தகாலமும் எதிர்காலமும் ஒரே பக்கத்தில் நிற்கும் கலை காமிக்ஸ். காலத்தில் தொலைந்தவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வீடு கிடையாது.

சரி, இழைகளைச் சேர்த்து ஜாக் ஊர் போய்விட்டானா? போகவில்லை. போகவும் முடியாது. ஆறாவது இதழ் வர வேண்டுமே. அதைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. உரிமம் வாங்கிச் செய்யும் காமிக்ஸ் வாடகை வீட்டுக் குடித்தனம். ஆணி அடிக்கலாம், சுண்ணாம்பு அடிக்கலாம். சுவரை இடிக்க முடியாது. ஜாக்கைச் சாகடிக்க, ஊருக்கு அனுப்ப, அவனுடைய உண்மைப் பெயரைச் சொல்ல, அக்குவைக் கொல்ல, எதற்கும் ஸப்புக்கு அதிகாரம் இல்லை. கதையின் முடிவு சொந்தக்காரர்களிடம் இருந்தது. ஆகவே இரண்டாவது தொகுதியில் ஜாக்கின் நண்பன் ஸ்காட்ஸ்மனின் சாபம், மூன்றாவதில் முறிந்த வாள், நான்காவதில் போர்வீர அரசன் என்று கதை வட்டமடித்துக்கொண்டே போனது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை படித்தால், ஒவ்வொரு தொகுதியின் கடைசியிலும் கதவு பாதி திறந்து பாதியில் சாத்தப்படுவது தெரியும். எரிச்சலாக இருக்கும். ஆனால் இந்த எரிச்சல் தொடரிலேயே இருந்ததுதான். பல எபிசோடுகளில் காலத் துளை கைக்கெட்டும் தூரத்தில் வந்து, வேறு யாரையாவது காப்பாற்றப் போய் ஜாக் அதைத் தவறவிடுவான். முடிக்க முடியாத நிலை என்பது வேறெந்தக் கதைக்கும் நோய். இந்தக் கதைக்கு அதுவே உடல்வாகு. உரிம காமிக்ஸ் என்ற சட்டகத்துக்கு ஜாக்கைவிடத் தோதான நாயகன் அமைவது கஷ்டம்.

20-ஆவது இதழோடு 2015 மே மாதம் காமிக்ஸ் நின்றது. ஏழே மாதத்தில், டிசம்பரில், அடல்ட் ஸ்விம் சேனலில் ஐந்தாவது சீசன் வரும் என்று அறிவித்தார்கள். 2017 மார்ச் 11 முதல் மே 20 வரை பத்து எபிசோடுகள். எண்ணிக்கை 53-இலிருந்து தொடரவில்லை. நேரே 92-க்குத் தாவி 101-இல் முடிந்தது. கதைக்குள் ஐம்பது ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. ஜாக்குக்கு வயது ஏறவில்லை. தாடி வளர்ந்திருக்கிறது, வாள் தொலைந்துவிட்டது. (முடிவு தெரிய வேண்டாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

காமிக்ஸில் நடந்த எதையும் டார்டகோவ்ஸ்கி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இழையும் இல்லை, கயிறும் இல்லை. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் திரும்பி வந்தால் குடியிருந்தவர் அடித்த ஆணிகளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் சீசனின் முடிவு இன்னும் ஒரு படி மேலே போனது. அக்குவின் மகள் ஆஷியின் உதவியால் ஜாக் பழைய காலத்துக்கே திரும்பி, அக்குவைக் கொன்றுவிடுகிறான். அக்கு இல்லையென்றால் அவன் ஆண்ட எதிர்காலமும் இல்லை. அவன் மகளும் இல்லை. திருமணக் கோலத்திலேயே ஆஷி மறைந்துபோகிறாள். அந்தத் தர்க்கப்படி பார்த்தால், காமிக்ஸின் 20 இதழ்கள் மட்டுமல்ல, தொலைக்காட்சியின் முதல் 52 எபிசோடுகளும்கூட நடக்காமல் போய்விட்டன. எது அதிகாரபூர்வக் கதை, எது இல்லை என்று இணையத்தில் சண்டை போடும் ரசிகர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. எல்லாமே ஒரே குழியில் போய்விட்டது.

முடிந்துபோன கதையை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது? ஐடிடபிள்யூ 2017-லேயே 'குவான்டம் ஜாக்' என்று ஐந்து இதழ்கள் தொடங்கியது. எழுதியவர் ஃபேபியன் ரேஞ்சல் ஜூனியர், வரைந்தவர் வார்விக் ஜான்சன்-கேட்வெல். ஜாக் ஒரு யதார்த்தத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு உலகத்திலும் அவன் வேறு ஆள். கதை என்று பார்த்தால் சுமார்தான். ஓவியத்துக்காக வாங்கலாம். ஜான்சன்-கேட்வெல்லின் பேனா கிறுக்கல்போல் நடுங்கும், தெறிக்கும், ஓடும். தொலைக்காட்சியின் கோடில்லாத பளபளப்பை அவர் தொடக்கூட முயலவில்லை. முதல் இதழ் வந்தபோது இது ஜாக்கே இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு இந்த முடிவு சரியென்றே படுகிறது. கோடில்லாமை திரையின் சொத்து. தாளுக்கு வந்துவிட்டால் தாளின் சொத்தான கோட்டை எடுத்துக்கொள்வதுதான் முறை. மில்லரின் 'ரோனின்' பக்கங்களில் ஓடும் அந்தக் கரடுமுரடான கோட்டுக்கு, சுற்றி வளைத்து, இது இன்னும் நெருங்கிய சொந்தம்.

2019-இல் பால் அல்லர் எழுதி ஆடம் பிரைஸ் தாமஸ் வரைந்த 'லாஸ்ட் வேர்ல்ட்ஸ்' நான்கு இதழ்களாக வந்தது. இது மறுபடியும் பழைய பாதைக்கே திரும்பியது: தனித்தனிக் கதைகள், அலைச்சல், ஊருக்கு ஒரு அநியாயம்.

ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். முதல் நான்கு சீசன்களில் ஜாக் வெட்டியது பெரும்பாலும் ரோபோக்களைத்தான். சிறுவர் சேனல் என்பதால் ரத்தத்துக்குப் பதில் கறுப்பு எண்ணெய் தெறிக்கும். 2017 சீசன் பெரியவர்களுக்கான சேனலில் வந்ததால் ரத்தமும் வந்தது. முதன்முறையாக ஒரு மனித உயிரை எடுத்த அதிர்ச்சியில் ஜாக் தடுமாறுவதே கதையின் பெரிய திருப்பம். காமிக்ஸ் அந்தப் பக்கம் போகவேயில்லை. பத்து வயதுப் பிள்ளை கையில் தைரியமாகக் கொடுக்கலாம்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் தனித்தனித் தொகுதிகளைத் தேடி அலைய வேண்டாம். ஸப் காலத்து 20 இதழ்களையும் 'டேல்ஸ் ஆஃப் தி வாண்டரிங் வாரியர்' என்று ஒரே கனத்த புத்தகமாகவும் போட்டிருக்கிறார்கள். பழைய நான்கு சீசன்களைப் பார்த்துவிட்டு, ஐந்தாவதைத் தொடும் முன் இதைப் படிப்பதுதான் நல்ல வரிசை. ஐந்தாவதைப் பார்த்துவிட்டு வந்தால், இழை தேடி அலையும் ஜாக்குக்கு என்ன ஆகும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்; ஸப் அடுக்கி வைத்த கொக்கிகள் எதுவும் மாட்டாது. வசனமில்லாத பக்கங்கள் வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்திப் புரட்டுங்கள். அந்த வேகத்தைத் தீர்மானிக்க அங்கே வேறு ஆள் இல்லை.